செவலைக்குத் துணை

நாய்க்குட்டி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரு தவறு செய்கிறார்கள், ஐயா. வெளியே கிளம்பும் நேரத்தில் அதைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். முகத்தோடு முகம் வைத்து "போயிட்டு வரேன்டா கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினால் அது ஊரைக் கூட்டாமல் என்ன செய்யும்? கிளம்புவது தெரியாமல் கிளம்ப வேண்டும். நான் அப்படித்தான் கிளம்பினேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் பெயர் வேலம்மாள். பாலக்கரையில் என் அம்மா அழகம்மாள், தங்கை பொன்னுத்தாய், என் வீட்டுக்காரர், நான் என்று இருக்கிற வீடு. புகார் கொடுத்திருக்கும் வெள்ளைச்சாமி எங்கள் தாய்மாமன், அம்மாவின் தம்பி. மண்ணச்சநல்லூர்ப் பக்கம் வயல் வைத்திருக்கிறார். மனைவி காலமான பிறகு, பொன்னுத்தாய் தனக்குத்தான் முறை என்று சொல்ல ஆரம்பித்தார். அவளுக்குப் பத்தொன்பது வயது. மாமா மீசைக்கு மை தடவுகிறவர்.

போன ஆவணியில் ஒரு நல்ல இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் பேசி முடித்து இலை போடும் நேரத்தில் மாமா எழுந்து, "முறைமாமன் நான் இருக்கேன்" என்றார். அவ்வளவுதான், வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தாய்மாமன் குறுக்கே நிற்கும் பெண்ணை எங்கள் பக்கத்தில் யாரும் கட்டமாட்டார்கள். அன்று ராத்திரி பொன்னுத்தாய் கிணற்றடியில் போய் உட்கார்ந்தாள். நான் கிணற்றுக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

இந்தத் தையில், நெய்வேலியில் வேலை பார்க்கும் பிச்சமுத்துவுக்கு அவளை நிச்சயம் செய்தோம். ஸ்ரீரங்கத்தில் ஒரு சத்திரத்தில் கல்யாணம். மாமாவுக்குச் சொல்லவில்லை. முதல் நாள் சாயங்காலம் தானாகவே வந்துவிட்டார். கையில் ஒரு பிரம்புக் கூடை, கூடைக்குள் செவலை. காது இன்னும் நிமிராத குட்டி. கல்யாணப் பெண்ணுக்குச் சீராம்.

ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நான் சண்டைக்கு வரலக்கா. தாலிய எடுக்கறப்ப எந்திரிச்சு ஒரே ஒரு வார்த்தை. அப்புறம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இஷ்டம்."

அம்மாவின் கையில் கரண்டி நின்றுவிட்டது. நான் மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

"அது கெடக்கட்டும். பால் மறக்காத குட்டி வேலம்மா. தனியா விட்டா ஏங்கியே செத்துரும். நாளைக்கு என்ன ஏற்பாடு?"

"தனியா விடமாட்டேன் மாமா."

"சத்தியமா?"

"சத்தியமா."

நான் எடுத்ததற்கெல்லாம் சத்தியம் செய்கிறவள் இல்லை. செய்தால் காப்பாற்றுவேன்.

விடிவதற்கு முன்பே எழுந்து வேலையைத் தொடங்கினேன். சின்னக் குட்டி இருக்கும் வீட்டில் கயிறு கிடக்கக் கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும். அதனால் முற்றத்துக் கொடிக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினேன். சுவரில் சாய்த்திருந்த ஏணி சரிந்து குட்டியின்மேல் விழுந்தால் என்ன ஆவது? அதைப் பக்கத்து வீட்டுக் கமருன்னிசா அக்காவிடம் கொடுத்தேன். தெருநாய்களைப் பார்த்து மிரளாமல் இருக்க வாசல் ஜன்னல்களைச் சாத்தி, வெளியிலிருந்து கம்பியால் கட்டினேன்.

குட்டி தூங்குவதற்குப் பழகிய வாசனை வேண்டும். மாமாவோடு வந்த குட்டி என்பதால் மாமாவின் வேட்டிதான் பொருத்தம். ஒரு வேட்டி தரையில் கிடந்தால் குளிரும் என்று பையில் இருந்ததையும், அவர் அவிழ்த்துப் போட்டிருந்ததையும் சேர்த்து மெத்தையாக விரித்தேன். செவலை ஏறி நின்று ஒன்றுக்குப் போனது. எதிர்பார்த்ததுதான்.

பேச்சுக்குரல் கேட்டால் குட்டிக்குத் தெம்பாக இருக்கும். திருச்சி வானொலியில் நிகழ்ச்சியை நடுவில் நிறுத்திவிடுவார்கள். அதனால் ரேடியோவில் இலங்கையைப் பிடித்து, சத்தத்தை முழுக்கத் திருப்பி வைத்தேன். மின்சார ஒயரைக் கடித்துவிட்டால் ஆபத்து. எனவே ரேடியோ இருந்த அறையைத் தனியாகப் பூட்டினேன்.

சாப்பாட்டைப் பற்றி உங்கள் ரைட்டர் கேட்டார். குட்டிக்குப் பால்சோறு கரைத்து வைத்தேன். பக்கத்தில் தலைவாழை இலையில் சாம்பார் சாதமும் வாழைக்காய் வறுவலும் வைத்தது உண்மை. குட்டி வறுவல் தின்னாது என்று எனக்கும் தெரியும்.

அம்மாவும் தங்கையும் என் வீட்டுக்காரரும் முன்னாலேயே குதிரை வண்டியில் போய்விட்டார்கள். மாமாவை நான் அழைத்து வருவதாகப் பேச்சு. அவர் துண்டைக் கட்டிக்கொண்டு பின்கட்டில் வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தார். உற்சாகமாகப் பாடிக்கொண்டும் இருந்தார். நான் குட்டியைக் கொஞ்சவில்லை. யாரிடமும் போயிட்டு வரேன் என்று சொல்லவும் இல்லை. வாசல் கதவைச் சாத்திப் பெரிய பூட்டாகப் போட்டேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். காவிரிப் பாலத்தில் நல்ல காற்று.

கல்யாணச் சத்திரத்தில் அம்மா ஓடி வந்தாள். "தம்பி எங்கடி?"

"குட்டிக்குத் துணையா இருக்கார்மா."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் இடுப்பைப் பார்த்தாள். வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு சம்பந்தி அம்மாளிடம் போய் உட்கார்ந்து, ஆவணிக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்துப் பேசினாள். பிச்சமுத்து தாலியை எடுத்தபோது மண்டபத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. மேளம் கொட்டியது. பொன்னுத்தாய் குனிந்த தலையோடு என்னை மட்டும் தேடிப் பார்த்தாள்.

மற்றவர்கள் சத்திரத்திலேயே தங்க, சாயங்காலம் நான் மட்டும் வீடு திரும்பினேன். வாசலில் கமருன்னிசா அக்கா நின்றிருந்தாள்.

"வேலம்மா, ஒங்க குட்டி 'அடியே வேலம்மா, கதவத் தொறடி'ன்னு கத்துச்சே."

"புத்திசாலிக் குட்டிக்கா."

"அப்புறம் ஏணி கேட்டுச்சு."

"குடுத்தீங்களா?"

"எதுக்குக் குடுக்கறேன்? நாய் ஏணி ஏறுனா நல்லாவா இருக்கும்?"

திறக்க வேண்டும் என்றுதான் சாவியை எடுத்தேன், ஐயா. ஆனால் கதவிடுக்கு வழியாகப் பார்த்தபோது மாமா துண்டோடு தரையில் படுத்திருந்தார். அவர் மார்பின்மேல் செவலை தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கும் குட்டியை எழுப்புவது பாவம். தவிரவும் பொண்ணு மாப்பிள்ளைக்கு நெய்வேலிப் பஸ் மறுநாள் காலையில்தான். அன்றிரவு அக்கா வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டேன்.

காலையில் பஸ் ஏற்றிவிட்டு வந்து பூட்டைத் திறந்தேன். இலை காலியாக இருந்தது. மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போயிட்டாளா?"

"போயிட்டா மாமா."

குட்டிக்குப் பால் கேட்டு வாங்கிப் புகட்டினார். காய்ந்த வேட்டியில் ஒன்றைக் கட்டிக்கொண்டு நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார். சீராகக் கொண்டுவந்த குட்டியைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறார். இப்போதும் வெளியே பெஞ்சில் அவர் மடியில்தான் இருக்கிறது.

பூட்டியது நான்தான். தெரிந்தே பூட்டினேன், முதல் நாள் ராத்திரியே பூட்டுக்கு எண்ணெயும் விட்டேன். ராத்திரி திறக்காததும் நான்தான். அதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் புகாரில், பால் மறக்காத குட்டியைக் கவனிக்க ஆளில்லாமல் விட்டுப் போனதாக ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள். சத்தியம் செய்து கொடுத்திருந்தேன், ஐயா. அந்தக் குட்டி ஒரு நிமிஷம்கூடத் தனியாக இல்லை.