பஸ் அளவு மரச்சப்பாத்து

— சாரங்கி, ஏன் வலப்பக்கம் திருப்பிறாய்? கோயிலுக்கு நேரையெல்லோ போகவேணும்!

— நாலு கிலோமீற்றர்தான் அப்பா. அங்க ஒரு மரச்சப்பாத்து இருக்குது. பஸ் அளவு! ஒரு டெனிஸ் கமக்காரன் தன்ர உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் பக்கத்தில செய்து வைச்சிருக்கிறான். காசில்லாமல் பாக்கலாம்.

— இஞ்சை பார், மாப்பிள்ளை வீட்டுக்காரர் உன்னைப் பாக்க வாற நாளில, பட்டுச்சீலையோட, உனக்குச் சப்பாத்துப் பாக்கவேணுமோ?

— வீடு பிரெடெரிசியாவில, அங்கயிருந்து இவ்வளவு வெள்ளென வெளிக்கிட வைச்சது ஆர்? ராகுகாலம் முடியாமல், ஆறு மணிக்கு முன்னம் கோயில் வாசலில கால் வைக்கக்கூடாதெண்டும் சொல்லுறியள். அதுவரைக்கும் காருக்குள்ள இருந்து பலகாரப் பெட்டியைப் பாக்கிறதோ?

— ராகுகாலத்தில அவையின்ர முகத்தைப் பாத்தால் காரியம் கெட்டுப்போகும். மாப்பிள்ளையின்ர தாய் ராசமலர் கலண்டர் பாக்காமல் தும்மவும் மாட்டாவாம். அவையின்ர ஊர் ரண்டர்ஸ் முழுக்கச் சொல்லுது.

— அது ஊரில அடிச்ச கலண்டர். இஞ்ச ஜூன் மாதம் சூரியன் பத்து மணிக்குத்தான் படுக்குது. ராகுவுக்கு அது தெரியுமோ?

— விசர்க்கதை கதையாதை.

— சரி, ஒண்டு கேக்கிறன். என்னைப் பற்றி அவவுக்கு என்ன சொன்னனீங்கள்?

— உள்ளதைத்தான். பார்மசியில வேலை, விட்டால் வீடு. அமைதியான பிள்ளை.

— ஐயோ! நான் எந்த ஞாயிறு வீட்டில இருந்தனான்? போன கிழமைகூட முந்நூறு பழைய தேத்தண்ணிக் கேத்தில் தொங்கிற வேலி ஒண்டு பாக்கப் போனனான். படம் காட்டினனான்தானே!

— இப்பிடிச் சுத்துறதைச் சொன்னபடியாலதான் முந்தின ரெண்டு சம்பந்தமும் பிசகினது. ஊர்சுத்தி எண்டு சொல்லிப்போட்டினம். உனக்கு முப்பத்தொண்டு, பிள்ளை. இந்தப் பெடியன்ர படத்தைப் பாத்து நீயும் சிரிச்சனி. கெடுத்துப்போடாதை.

— சிரிச்சனான்தான். அதாலதான் பொய் சொல்ல விருப்பமில்லை. கலியாணம் கட்டிப்போட்டு ஞாயிறு ஞாயிறாச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது. ஆறு மணிக்கு நானே அவவுக்குச் சொல்லப்போறன்.

— சொன்னியெண்டால் நான் காரைவிட்டு இறங்க மாட்டன்!

— இப்ப இறங்குங்கோ. வந்திட்டம்.

— ஐயோ முருகா... உண்மையாச் சப்பாத்துத்தான்! குதியில படியும் வைச்சிருக்கிறான்.

— குதியால ஏறி, விரல் பக்கத்தால சறுக்கி இறங்கலாம். எல்லா வயதுக்காரரும் ஏறலாமெண்டு பலகையில எழுதியிருக்குது.

— எல்லா வயதுமோ?

— அப்பா! உங்கட முகத்தைப் பாருங்கோவன்!

— சும்மா கேட்டனான். முப்பத்தெட்டு வருசமா இந்த நாட்டில இருக்கிறன். பக்டரி, கோயில், ஆக்களின்ர கலியாண ஹோல். வேறை என்னத்தைக் கண்டனான்? ...வேட்டி கசங்குமோ?

— மடிச்சுக் கட்டுங்கோ.

— எங்கட ஆக்கள் ஆரும் நிக்கினமோ எண்டு வடிவாப் பார்.

— இந்தப் பக்கம் ஒருத்தருமில்லை. அங்கால ஒரு கார் நிக்குது, ஆரோ சிரிச்சுக் கேக்குது. டெனிஸ் சனமாத்தான் இருக்கும்.

— அப்ப சரி. விடு கையை. போறன்... ஓஓஓய்!

— அப்பா! கை கால் ஏதும் முறிஞ்சுபோச்சோ?

— சொர்க்கமடி பிள்ளை! இன்னொருக்காப் போகவேணும்! நீயும் வா, கெதியா!

— எனக்குப் பின்னால ஆரோ படியேறுகினம்... சீலை சிக்குது... வாறன், வாறன், தள்ளி நில்லுங்கோ அப்பா!

— ஐயா, என்ர கையைப் பிடியுங்கோ. நீங்களும் எழும்புங்கோ. கெதியா விலத்தவேணும்.

— தக், நன்றி தம்பி... என்ன, நீர் தமிழோ? பட்டு வேட்டியும் கட்டியிருக்கிறீர்!

— அப்பா... படத்தில பாத்த ஆள். கஜதீபன்.

— ஐயோ, ராகுகாலத்திலயே முகம் பாத்தாச்சே! தம்பி, உம்மட அம்மாவுக்கு மட்டும் இதைச் சொல்லிப்போடாதையும்!

— ஐயா, முதல்ல விலத்துங்கோ! ஆறு மணியாகும்வரைக்கும் எண்டு சொல்லி, அம்மா மூண்டாந்தரம் சறுக்கி வாறா!