ஜவ்வின் நிறம்

நான் ஸ்கேன் எடுக்கும் எம்.ஆர்.ஐ. அறைக்கு வருகிற எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "வலிக்குமா?" வலிக்காது மேடம். சத்தம்தான் காதைப் பிளக்கும்.

என் தங்கையும் அதையேதான் கேட்டாள். வாலிபால் ஆடுகிறவள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். ஆனால் நான் பட்டம் வாங்கிய படத்தை ஓரங்கட்டிவிட்டுத்தான் அவளுடைய கோப்பைகளை அடுக்கினார்கள். பெரிய அணிக்கான தேர்வு நெருங்குகிற நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ இருக்கும்போது எனக்கென்னக்கா பயம்," என்று சொல்லிப் படுத்தாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வில் நீர் இருந்தால் படத்தில் வெள்ளையாகத் தெரியும். வற்றினால் கறுக்கும். அவளுக்குக் கடைசி இரண்டும் கறுப்பு. அடியில் இருந்தது பின்பக்கம் பிதுங்கி நரம்பை உரசிக்கொண்டிருந்தது. குதிக்கவே கூடாது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். இதைப் படித்துத்தான் பட்டம் வாங்கினேன்.

சொல்லத்தான் நினைத்தேன். சொன்னால் அம்மா அவள் தலைமாட்டைவிட்டு நகரமாட்டாள். அப்பா வேலைக்குப் போகமாட்டார். நான் காய்ச்சலில் கிடந்தபோது, "படிச்சவதானே, மாத்திரை போட்டுக்கத் தெரியாதா?" என்று கேட்டவர். பொறாமை என்று நினைக்காதீர்கள். எனக்கு நியாயம்தான் முக்கியம்.

எந்திரத்தைப் பழுதுபார்த்ததும் படம் சரியாக விழுகிறதா என்று பார்க்க எங்களில் ஒருவர் உள்ளே படுப்போம். அப்படி எடுத்த என் முதுகுத்தண்டு கணினியில் இருந்தது. எல்லா ஜவ்வும் பளிச்சென்று வெள்ளை. அதற்கு அவள் பெயரைப் போட்டு அனுப்பினேன். அவளுடையதை அழித்தேன்.

டாக்டர் எங்களை உட்காரவைத்துத் திரையைக் காட்டினார். "பாடப்புத்தகத்துலயே போடலாம், அவ்வளவு அழகான முதுகு. வெறும் தசைப்பிடிப்புதான். தாராளமா ஆடட்டும்."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியாடி படிச்சவளே, குட்டிக்கு எலும்புகூட அழகு," என்று என்னிடமே சொன்னார். அம்மா அந்தத் திரையைச் செல்போனில் படம்பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள்.

தேர்வு ஆட்டத்தில் எகிறிக் குதித்தவள் எழுந்திருக்கவில்லை. ஜவ்வு மொத்தமாக வெளியே தள்ளி நரம்புகளை நசுக்கிவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்தும் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இனி நடப்பது சந்தேகம்தானாம். அம்மா அவள் தலைமாட்டில்தான் இருக்கிறாள்.

டாக்டர்மேல் தப்பில்லை. என்மேல் யாருக்கும் சந்தேகமும் இல்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பார்க்க வந்தவர்களிடம் அம்மா நேற்றும் செல்போனை நீட்டி, "எப்படி இருந்த முதுகு பாருங்க, யார் கண்ணு பட்டுச்சோ" என்று அழுதாள். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

அது என் முதுகு, மேடம். எங்கள் வீட்டில் அதை யாராவது சொல்லவேண்டும்.