லிஃப்ட் மெக்கானிக்கின் இங்கிலீஷ்

— செருப்பை அப்புறம் கழட்டலாம். முதல்ல இதைச் சொல்லுங்க. யார் அந்த ஷி?

— எந்த ஷி?

— இந்த நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் இருக்காளே, அவதான். எனக்கு இங்கிலீஷ் வராதுதான். ஆனா ஹின்னா ஆம்பளை, ஷின்னா பொம்பளைன்னு கூடத் தெரியாதவ இல்ல. எண்ணிப் பார்த்தேன். பதினோரு ஷி.

— அது உன் கைக்கு எப்படி வந்துச்சு?

— விரிப்பை மாத்தினேன், மெத்தைக்கு அடியில இருந்துச்சு. நல்ல விஷயம் எழுதுறவங்க நோட்டை அங்கயா வைப்பாங்க?

— நீ நினைக்கிற மாதிரி இல்ல.

— நான் என்ன நினைக்கிறேன்னு இன்னும் சொல்லவே இல்லையே. நாலு மாசமா விடியறதுக்குள்ள எந்திரிச்சு, சமையல்கட்டு ஸ்டூல்ல உட்கார்ந்துக்கிட்டு, போனைப் பார்த்து உதட்டை அசைக்கிறீங்க. நான் வந்தா போனைக் கவுத்து வைக்கிறீங்க. லிஃப்ட் ரிப்பேர் பண்றவருக்கு அந்த நேரத்துல யார்கிட்ட இங்கிலீஷ் பேச வேண்டியிருக்கு?

— பேசல. எழுதுறேன்.

— யாருக்கு?

— யாருக்குன்னு இல்ல. பிளாக்னு ஒண்ணு. நெட்ல நாம எழுதிப் போட்டா யார் வேணா படிக்கலாம். டயரி மாதிரி. ஆனா ஊருக்கே திறந்து வச்ச டயரி.

— ஊருக்குத் திறந்திருக்கு. வீட்டுக்கு மட்டும் மெத்தைக்கு அடியில.

— அது வந்து...

— அந்த அது வந்து எல்லாம் வேணாம். ஷி யாரு?

— ஒரு மியூசிக் டீச்சர். நாலாவது மாடிக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாங்க. கதவை ஒரு ஜாண் நெம்பி, மேல ஆள் வந்து கையால லிஃப்டை இறக்குற வரைக்கும், அந்த இடுக்கு வழியா அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அதை எழுதினேன். அறுபது வயசு இருக்கும்.

— அறுபது.

— கூடவும் இருக்கும்.

— ம். இதையெல்லாம் யார் உட்கார்ந்து படிக்கிறா?

— முதல் மாசம் ஈ காக்கா இல்ல. அப்புறம் எப்பவும் பனி கொட்டுற ஏதோ ஊர்ல இருந்து ஒரு ரிடையர்டு லிஃப்ட்காரர் வந்தார். உன் இங்கிலீஷ்ல ஏகப்பட்ட தப்பு, ஆனா திருத்தாதே, எல்லாம் புரியுதுன்னார். இன்னொருத்தர் 'எ' எங்க வரும், 'தி' எங்க வரும்னு விடாம திருத்துவார். இப்ப நாப்பது பேர் கிட்ட இருக்கும்.

— நல்லாத் தமிழ் எழுதுவீங்களே. கல்யாணத்துக்கு முன்னாடி எனக்குப் போட்ட லெட்டர் ஒவ்வொண்ணும் எட்டுப் பக்கம். அதை விட்டுட்டு நொண்டியடிக்கிற பாஷையில எதுக்கு?

— தமிழ்ல எழுதினா நீ படிச்சிருவே.

— இப்ப வந்துச்சு பாருங்க. நான் படிக்கக் கூடாத அளவுக்கு அதுல என்ன இருக்கு?

— உன்கிட்ட யார் என்ன சொன்னாங்க? ஆபீஸ்ல இருந்து யாராச்சும் வந்தாங்களா?

— ஏன், வந்திருக்கணுமா?

— நேத்து சூப்பர்வைசர் எல்லாரையும் நிக்க வச்சுக் கேட்டார். நம்ம கம்பெனி விஷயத்தை எவனோ இங்கிலீஷ்ல எழுதுறான், யாருன்னு தெரிஞ்சாகணும்னார். என் முன்னாடி நிக்கவே இல்ல. இவனுக்கு எங்க இங்கிலீஷ் வரப்போகுதுன்னு தாண்டிப் போயிட்டார்.

— மியூசிக் டீச்சர் கதைக்கா அவர் இப்படிக் குதிக்கிறார்?

— விடு. தண்ணி குடு.

— தர்றேன். கடைசிப் பக்கத்துல ஒரு வரியை எழுதி அடிச்சு, எழுதி அடிச்சு, பேப்பரே ஓட்டையாயிருக்கு. அது என்னன்னு சொல்லிட்டுக் குடிங்க.

— அது நெட்டையண்ணன் விஷயம்.

— லிஃப்ட் குழியில செத்துப்போனாரே, அவரா? மூணு வருஷம் ஆச்சே. இந்தத் தையல் மிஷினை ஒத்தை ஆளாத் தூக்கிட்டு மூணு மாடி ஏறி வந்த மனுஷன்.

— அவரேதான். குழிக்குள்ள இறங்கினா பாட்டு முணுமுணுக்கிற ஒரு உயரமான மனுஷன்னு போன மாசம் எழுதினேன். பேர் போடல. அதுக்குக் கீழ கமெண்ட்ல யாரோ, அவங்களும் பேர் போடாம, அன்னைக்கு நீ எங்க இருந்தேன்னு மட்டும் கேட்டிருந்தாங்க. சூப்பர்வைசரோட ஆளாத்தான் இருக்கும்.

— எங்க இருந்தீங்க?

— நீயும் அதையே கேக்குறே.

— கேக்கக் கூடாதா? 'ஆள் வேலை செய்கிறார்'னு போர்டு மாட்டாம அவரே கவனமில்லாம இறங்கிட்டார்னு அன்னைக்கு எனக்குச் சொன்னது நீங்கதான்.

— ரிப்போர்ட்ல அப்படித்தான் இருக்குன்னு சொன்னாங்க. நானும் சொன்னேன். ரெண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். சாட்சிக் கையெழுத்து என்னோடது. நடந்ததைத்தான்யா எழுதியிருக்கு, போடுன்னார் சூப்பர்வைசர். போட்டேன்.

— படிக்காமலா?

— அன்னைக்குப் படிக்கத் தெரியாது. அப்புறம் ஒரு காப்பி கிடைச்சது. அதைப் படிக்கத்தான் நான் இங்கிலீஷே கத்துக்கிட்டேன்னு வையேன். டிக்ஷனரியை வச்சுக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையா. ஒரு இடத்துல 'பவர் வாஸ் ரெஸ்டோர்ட்'னு இருக்கு. கரண்ட் திரும்பக் கொடுக்கப்பட்டதாம். யார் கொடுத்தா? ஆளே கிடையாது. இலக்கணப் புத்தகத்துல பார்த்தா அதுக்குன்னு தனிப் பாடமே இருக்கு, ஆள் இல்லாம வேலையை முடிக்கிறதுக்கு.

— தமிழ்ல மட்டும் இல்லையா? தண்ணீர் நிறுத்தப்பட்டுள்ளதுன்னு கீழ நோட்டீஸ் ஒட்டுறானே.

— இருக்கு. ஆனா ஒருத்தர் முகத்தைப் பார்த்து அப்படிப் பேச முடியாது.

— என் முகத்தைப் பாருங்க. யார் கொடுத்தது?

— அது...

— முணுமுணுக்காதீங்க. காதுல விழுற மாதிரி சொல்லுங்க.

— நான்தான். மெயின் சுவிட்சைப் போட்டது நான்.

— போர்டு?

— மாட்டியிருந்தார். சுவிட்ச் மேலயே தொங்கிட்டிருந்துச்சு. சூப்பர்வைசர் போன் பண்ணி, அவன் மேல வந்துட்டான், பில்டிங்காரங்க கத்துறாங்க, போட்றான்னார். நான் குழியை எட்டிப் பார்க்கல. அண்ணேன்னு ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அதுவும் கொடுக்கல. போர்டைக் கழட்டிட்டு சுவிட்சைப் போட்டேன்.

— அந்தப் போர்டு எங்க?

— அன்னைக்கே சூப்பர்வைசர் வாங்கிட்டுப் போயிட்டார்.

— மூணு வருஷமா என் கையால சாப்பிட்டுக்கிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

— தமிழ்ல வாய்க்கு வரலம்மா. இங்கிலீஷ்ல எழுதினா வேற எவனோ செஞ்ச மாதிரி இருந்துச்சு. அதுக்காகத்தான் அங்க போனேன். டீச்சர் கதை, அறுந்த கேபிள் கதைன்னு சுத்திச் சுத்தி வந்து, கடைசியில அங்கயும் மாட்டிக்கிட்டேன். 'ஐ'ன்னு ஆரம்பிக்கணும். ஒத்தை எழுத்து. அதை எழுத முடியாமத்தான் பேப்பர் ஓட்டையாச்சு.

— எழுதிட்டீங்களா?

— எழுதிட்டேன். இன்னும் நெட்ல போடல. போட்டா வேலை போயிரும். அதோட நிக்காது, என்னைப் பிடிச்சு உள்ள வச்சாலும் வைப்பாங்க.

— வைக்கட்டும்னு இருக்கா, பயமா இருக்கா?

— பயமாத்தான் இருக்கு. ஆனா போட்டுருவேன்.

— அண்ணிகிட்ட சொன்னீங்களா?

— நெட்டையண்ணன் சம்சாரத்துக்கிட்டயா? எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்? அவங்க பொண்ணு காலேஜ்ல படிக்குது, இங்கிலீஷ் நல்லாத் தெரியும். என்னைக்காவது அது கண்ணுல பட்டா, அம்மாவுக்குப் படிச்சுக் காட்டும்னு நினைச்சேன்.

— கவனமில்லாம செத்தவன் பொண்டாட்டின்னு மூணு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கு விஷயம் நெட்ல வந்து, பொண்ணு பார்த்து, படிச்சுச் சொல்லி, அப்புறம்தான் தெரியணுமா?

— தப்புதான். நேர்ல போய்த் தமிழ்லயே சொல்லிடுறேன்.

— எப்ப?

— கொஞ்சம் தைரியம் வரட்டும்.

— அண்ணி, ரூம் கதவைத் திறந்துக்கிட்டு வெளிய வாங்க. உங்க பொண்ணு நெட்ல கேட்டதையும் சேர்த்து, நீங்க கேக்கச் சொன்னது எல்லாத்தையும் கேட்டுட்டேன்.