தக்காளி தூக்கிய ஹெலிகாப்டர்

ரோவன்: ...இல்லம்மா, கடையில பரப்பி வெச்சிருக்கறதெல்லாம் பாத்துட்டேன். நான் கேக்கறது நீங்க போட்டிருக்கறதை.

வெர்னா: இதையா? இதைக் கழட்டிக் குடுத்துட்டு நான் எப்படித் தம்பி வீட்டுக்குப் போறது?

ஹேல்: என் கோட்டைப் போட்டுக்கோ. வந்த கிராக்கியை விடாத.

வெர்னா: ஹேல், நீ அந்த ஜாம் பாட்டிலை அடுக்கு. கட்டின பொண்டாட்டி சட்டையை விக்கறதுக்கா சந்தைக்கு வந்தே? ...இது கிழிஞ்ச டீ-ஷர்ட் தம்பி. தோட்ட வேலைக்குப் போடறது.

ரோவன்: கையைக் கொஞ்சம் தூக்குங்க... ஓரத்துல ஒத்தைத் தையல், அந்தக் காலத்து டீ-ஷர்ட்டுலதான் இருக்கும். மை வெடிச்சிருக்கு, ஆனா உதிரல. எண்பத்தஞ்சாம் வருஷத்துதானே?

ஹேல்: மாட்டுக்குப் பல்லு பாக்கற மாதிரியில்ல பாக்கறான்.

வெர்னா: யாரு மாடு?

ஹேல்: நான் ஜாம் அடுக்கறேன்.

ரோவன்: என் பேரு ரோவன்மா. பழைய கஞ்சா டீ-ஷர்ட்தான் சேக்கறேன். கஞ்சாவை வெச்சிருந்தாலே ஜெயில்னு இருந்த காலத்துல போட்டது மட்டும். ஊர்வலத்துல போட்டது, ஜெயில்ல இருந்தவங்களை விடச் சொல்லி அச்சடிச்சது... வீட்டுல ஒரு ரூம் முழுக்க அதான். கட்டில் போட இடமில்ல.

வெர்னா: கல்யாணம்?

ரோவன்: ஆச்சு. அவளும் சேக்கறா.

ஹேல்: அப்ப ரெண்டு பேரும் எங்க படுக்கறீங்க?

வெர்னா: ஹேல்...

ரோவன்: ஆனா எதுவும் இதுக்கு ஈடு கிடையாதும்மா. ஹெலிகாப்டர் தக்காளிச் செடியைத் தூக்கிட்டுப் போகுது, கீழ 'சாலட் செய்யவா எடுத்துட்டுப் போறீங்க?'ன்னு... இந்த வடகலிஃபோர்னியா மலையைத் தாண்டினா ஒருத்தருக்கும் இது புரியாது.

வெர்னா: உனக்குப் புரிஞ்சதைச் சொல்லேன். கேப்போம்.

ரோவன்: அறுவடை சமயத்துல போலீஸ்காரங்க ஹெலிகாப்டர்ல வருவாங்க. கஞ்சாச் செடியெல்லாம் வெட்டி, வலையில கட்டி, தூக்கிட்டுப் போவாங்க. ஒரு வீட்டுல தக்காளியையும் சேத்துப் புடுங்கிட்டாங்க. வீட்டுக்காரியையும் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. அவளுக்கு வக்கீல் வைக்க, ஊரே சேந்து இந்த டீ-ஷர்ட்டை அடிச்சு, தீயணைப்பு நிலையத்துல நடந்த டான்ஸ்ல வித்துது.

ஹேல்: பரவாயில்லயே. பாடம் படிச்சுட்டுத்தான் வந்திருக்கான்.

ரோவன்: வரைஞ்சது யாருன்னுதான் நிச்சயமாத் தெரியல.

ஹேல்: தெரியலையா? உன் எதிர்லதான் நிக்கறேன். ஹேல் பிராண்ட்வெட். ஊர்ல யாரை வேணா கேட்டுப் பாரு.

ரோவன்: கேட்டேன் சார். உங்க பேரைத்தான் சொன்னாங்க. ஆனா நான் விசாரிச்சதுல இன்னும் நாலு பேரு 'நான்தான்'னு...

ஹேல்: எவன் அவன்?

ரோவன்: சரி, ஒண்ணு கேக்கறேன். ஹெலிகாப்டர் வால்ல ஒரு கஞ்சா இலை இருக்குல்ல? எல்லா டீ-ஷர்ட்லயும் இலைக்கு ஏழு விரல் வரையறாங்க. இதுல ஏன் ஆறு?

ஹேல்: அது வந்து... அந்த வருஷம் ஆறு வீட்டுல சோதனை. வீட்டுக்கு ஒரு விரல்.

ரோவன்: நானும் அப்படித்தான் நினைச்சேன். கட்டுரைகூட எழுதியிருக்கேன்.

வெர்னா: எழுதிட்டியா... அடப் பாவமே.

ரோவன்: ஏன்மா சிரிக்கறீங்க?

வெர்னா: ஒண்ணுமில்ல.

ரோவன்: சொல்லுங்களேன்.

வெர்னா: ஏழாவது விரலும் இருந்தது தம்பி. கொட்டாயில உக்காந்து அச்சடிக்கற தாள்ல, அதான் ஸ்டென்சில்ல, பிளேடால படத்தை வெட்டறப்போ, பூனை மேசை மேல குதிச்சுது. பிளேடு இழுத்து விட்டுடுச்சு. மறுநாள் டான்ஸ், வேற தாள் இல்ல. கிழிஞ்ச விரல் மேல டேப்பை ஒட்டிட்டு அப்படியே அடிச்சாச்சு.

ரோவன்: பூனையா...

ஹேல்: என் பூனைதான்.

ரோவன்: சார், கோவிச்சுக்காதீங்க. இந்தக் காகிதப் பை மேல ஒரு ஹெலிகாப்டர் வரைஞ்சு காட்டுங்களேன். இந்தாங்க பேனா.

ஹேல்: கண்ணாடி கொண்டுவரல.

வெர்னா: மூக்கு மேலதான் இருக்கு.

ஹேல்: ...குடு இப்படி.

ரோவன்: இது... மீன் மாதிரியில்ல இருக்கு சார்?

ஹேல்: பக்கவாட்டுல பாத்தா அப்படித்தான் இருக்கும்.

வெர்னா: போதும் ஹேல்.

ஹேல்: வெர்னா, யோசிச்சுப் பேசு.

வெர்னா: இனிமே என்ன யோசனை? கடைத்தெருவுல போர்டு மாட்டிக் கஞ்சா விக்கறாங்க. நானும் பள்ளிக்கூடத்தை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆச்சு.

ரோவன்: நீங்க டீச்சரா?

வெர்னா: மூணாங்கிளாஸ். இதை வரைஞ்சது நான்னு தெரிஞ்சிருந்தா மறுநாளே வேலை போயிருக்கும். யாரு வரைஞ்சதுன்னு போலீஸ் வந்து கேட்டப்போ, இந்த ஆளு முந்திக்கிட்டுப் போய் 'நான்தான்'னு நின்னுச்சு.

ஹேல்: ஒரு ராத்திரி உள்ள வெச்சிருந்தாங்க. வரைஞ்சு காட்டச் சொல்லிடுவாங்களோன்னுதான் பயம்.

ரோவன்: சொல்லலையா?

ஹேல்: நல்லவேளை. அப்புறம் அதுவே பழகிப்போச்சு. கல்யாண வீட்டுல எவனாவது முதுகைத் தட்டி 'பிரமாதமா வரைஞ்சே'ம்பான். நான் 'ஆமா'ம்பேன். இவ பக்கத்துல நின்னு கேக் தின்னுட்டிருப்பா.

வெர்னா: எனக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும். என் படத்தைத்தானே சொல்றாங்க.

ஹேல்: இந்த மலையிலயே இவளை மாதிரி வரையறவ கிடையாது தம்பி. இதை வாய் விட்டுச் சொல்ல நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா?

வெர்னா: சரி சரி... ஆனா தம்பி, நீ என்ன குடுத்தாலும் இதைத் தர மாட்டேன். அடிச்சதுல எனக்குன்னு வெச்சுக்கிட்டது இது ஒண்ணுதான்.

ரோவன்: எனக்கு வேண்டாம்மா.

ஹேல்: அப்புறம் எதுக்குடா கையைத் தூக்கு, தையலைக் காட்டுன்னு...

ரோவன்: என்கிட்டயே இதே டீ-ஷர்ட் ஒண்ணு இருக்கு சார். நான் சேத்ததையெல்லாம் மியூசியத்துல கண்ணாடிக்குள்ள வைக்கப் போறாங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழ வரைஞ்சவங்க பேரு இருக்கும். இது ஒண்ணுக்கு மட்டும் 'தெரியவில்லை'ன்னு போட எனக்கு மனசு வரல.

ஹேல்: வெர்னா பிராண்ட்வெட்டுன்னு போடு. பெரிசாப் போடு.

வெர்னா: என் கையெழுத்துலயே எழுதித் தரேன். ...உன்னோடதும் என்னுது மாதிரி கந்தலா?

ரோவன்: புதுசு மாதிரி இருக்கு. ஒரே தடவை போட்டது.

வெர்னா: ஒரே தடவையா? அந்த வருஷம் இதை யாரும் உடம்புல இருந்து கழட்டவே இல்லையே. யாருகிட்ட வாங்கினே?

ரோவன்: வாங்கலம்மா. அது எங்கம்மாவோடது. அந்தத் தக்காளி வழக்குல விடுதலையாகி கோர்ட்டுலருந்து வந்ததும், அந்தப் படியிலயே நின்னு, மேல போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழட்டி எல்லாருக்கும் அதைக் காட்டினாங்களாம். நான் கைக்குழந்தை. அவங்க இடுப்புல இருந்தேன். மறுவாரமே பக்கத்து மாநிலம் ஓரிகனுக்குப் போயிட்டோம், யாருக்கு நன்றி சொல்லணும்னுகூடத் தெரியாம. அவங்க கார்லதான் உக்காந்திருக்காங்க... கூட்டிட்டு வரட்டுமா?