ஈரத்துக்குக் கழித்த எடை

— முதல்ல ஆள் கணக்கு எழுதும்மா தெரேசா. “அன்புள்ள மார்கிரட் அக்காவுக்கு, தெல்தோட்டைப் பண்ணையிலிருந்து தம்பி வின்சன்ட் எழுதுவது. இன்றைய நிறுவைக்கு இருந்தவர்கள் மூவர். நான் கதிரையில் உட்கார்ந்து, மகள் தெரேசா ஜன்னலோரம், மச்சான் யாகப்பர் தராசடியில்.”

— மச்சான் சாக்குல குந்திக்கிட்டுன்னு போடு புள்ள. தொப்பலா நனைஞ்சிட்டேன்னும் போடு.

— மாமா, அத்தைக்கு மாட்டு எடை போதும். உங்க சளி வேணாம்.

— செவலைக் கன்னு என்ன நிக்குது மச்சான்?

— நூத்தித் தொண்ணூத்தெட்டு கிலோ.

— ரெண்டு கிலோ குறையுதே! ஒரு வயசுல இருநூறு தொடாதது மஹ்மூத் நானாவோட எறச்சிக் கடைக்கு. அக்கா போட்ட சட்டம். எழுதும்மா.

— மாட்டேன். அப்பா, அதப் பாருங்க! ஒரு கை புண்ணாக்குத் தின்னல. வெறும் மலைப் புல்லுலயே இப்படி நிக்குது.

— பாக்காமலா இருக்கேன்? முதுகுல பாய் விரிச்சுப் படுக்கலாம். ஆனா அழகப் பாத்து மாடு வச்சா அது பண்ணையா? இதோட ஆத்தா வெள்ளச்சியையே வைக்கலியே. முன்ன போட்ட மூணு கன்னும் எடை தொடல. இது பால் மறந்ததும் அதயும் நானா ஓட்டிட்டுப் போயிட்டாரு.

— இருங்க, நானே வந்து பாக்குறேன்... மாமா! தராசு இருநூத்தி இருபது காட்டுதே!

— காட்டும் புள்ள. ஈரத்துக்குக் கழிக்க வேணாமா? பத்துக்கு ஒண்ணு. முப்பது வருசம் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து நிறுத்தவன். மழைன்னா வாய் தன்னால கழிச்சித்தான் சொல்லும்.

— கொழுந்தா மச்சான் இது? மாட்டு மயிருல இருபத்திரெண்டு கிலோ தண்ணி நிக்குமா?

— ...நிக்காதுதான்.

— இருநூத்தி இருபது! ஆண்டவரே. ஒரு வயசுக் கன்னுல இந்தத் தராசு இதுவரைக்கும் பாக்காத எடை.

— கிட்ட வாங்கப்பா. கைய வச்சுப் பாருங்க. அது மூச்சு விட்டா தராசு முள்ளே ஆடுது.

— மலை மூச்சு விடுற மாதிரில்ல இருக்கு... எழுதும்மா. “செவலை இருநூற்றிருபது. இது கடைக்குப் போகாது. நம் பசுக்களுக்குப் பொலிகாளையாக இங்கேயே நிற்கும். முள்ளைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்த இடத்தில் எவரும் இல்லை, அக்கா. எல்லோரும் எழுந்து நின்றோம்.”

— கடுதாசிய ஒட்டிட்டேன்ப்பா.

— மச்சான், வளைவுல பஸ் ஹோன் அடிக்குது. ஓடுங்க, குண்டசாலையில அக்காகிட்ட குடுக்கச் சொல்லி கண்டக்டர் கையில குடுங்க.

— குடுத்துட்டேன், குடுத்துட்டேன். பஸ் போயிருச்சு. மூச்சு வாங்குது, இருங்க.

— மாமா... வெள்ளச்சியோட அந்த மூணு கன்னும் எப்ப நிறுத்தீங்க?

— அது எப்பவும் ஐப்பசியிலதான கன்னு போடும்? ஒரு வயசு நிறையறதும் ஐப்பசியிலதான். மூணையுமே கொட்டுற மழையிலதான் நிறுத்தேன், தாயி.