பதிமூணாவது சுவிட்ச்

எலக்ட்ரீஷியன்: ...பம்ப், ரேடியோ, பாய்மர உச்சி விளக்கு, எல்லாத்தையும் புது சுவிட்ச் பலகைக்கு மாத்தியாச்சு சார். பழசுல இது ஒண்ணுதான் பாக்கி. மேல "ஆட்டம்"னு எழுதியிருக்கு. சீட்டாட்டமா?

படகுக்காரர்: மெதுவாப் பேசுங்க. என் பொண்டாட்டி மேல்தளத்துல கயிறு சுத்திட்டிருக்கா.

எலக்ட்ரீஷியன்: ஒயரைப் பிடிச்சுட்டே போனேன். பக்கத்துல இருக்கிற சிவப்பு பல்போட முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல.

படகுக்காரர்: தெரியும். நான்தான் போட்டேன்... கல்யாணமான புதுசு. படகு ஆடினா அவ கண்ணை இறுக்கி மூடிக்குவா. அடியில ஒரு எடை இருக்கு, இந்த சுவிட்சைப் போட்டா அது நடுவுக்கு வந்து ஆட்டத்தைக் குறைக்கும்னு...

எலக்ட்ரீஷியன்: அளந்து விட்டீங்க.

படகுக்காரர்: பயம் போயிடுச்சே.

எலக்ட்ரீஷியன்: எத்தனை வருஷமா ஓடுது இந்தக் கதை?

படகுக்காரர்: இருபத்திரெண்டு. இப்போ தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்.

எலக்ட்ரீஷியன்: ஏற்கெனவே படகுலதானே சார் இருக்கு. ஆனா புதுசுல பன்னெண்டு இடம்தான். இது பதிமூணாவது.

படகுக்காரர்: ஃபேனை எடுத்துடுங்க.

எலக்ட்ரீஷியன்: ஓடுற ஃபேனை எடுத்துட்டு, ஒண்ணுக்கும் உதவாத...

படகுக்காரர்: இறங்கி வர்றா... பேச்சை மாத்துங்க.

மனைவி: என்ன, நான் வந்ததும் ரெண்டு வாய்க்கும் பூட்டு?

படகுக்காரர்: ஒண்ணுமில்ல... ஃபேன் வேண்டாம்னு சொல்லிட்டிருந்தேன்.

மனைவி: சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு, ஃபேன் வேண்டாமாம். பாருங்க தம்பி, திருட்டு முழி.

எலக்ட்ரீஷியன்: இடம் ஒண்ணு குறையுதும்மா. இந்த "ஆட்டம்" சுவிட்சை எடுத்துட்டா...

படகுக்காரர்: அது இருக்கணும். அவளுக்காகத்தான் சொல்றேன்.

மனைவி: எனக்காகவா... சரி. தம்பி, பக்கத்துல சின்னதா ஒரு பெட்டி வச்சு அதைத் தனியாப் போட்டுடுங்க. அந்த பல்பும் இருக்கட்டும்.

எலக்ட்ரீஷியன்: போட்டுடலாம்மா. ஆனா அது என்ன வேலை செய்யுதுன்னு உங்களுக்கு...

மனைவி: பல்பு எரியும். வேற என்ன? ரெண்டாவது வருஷமே திருகைக் கழட்டிப் பாத்துட்டேன்.

படகுக்காரர்: பாத்துட்டியா... அப்புறம் எதுக்குடி ஒவ்வொரு தடவை காத்து பலக்கும்போதும் ஓடிவந்து போட்டே?

மனைவி: நான் அதைப் போட்ட பிறகுதானே, சுக்கானைப் பிடிச்சிருக்கிற உங்க கை நடுங்காம நிக்குது.