ஞாயிற்றுக்கிழமைச் சிலைடுகள்

அந்தக் கறைக்கு மெத்தனால் போதும்.

உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்ததும் எனக்குள் ஓடியது இதுதான், சதாசிவம் சார். உங்கள் வெள்ளைக் கோட்டுப் பையில் பேனா கசிந்திருக்கிறது. பஞ்சை மெத்தனாலில் நனைத்து, அடியில் ஒரு துணி வைத்து ஒற்றி எடுத்தால் போய்விடும். சோப்புப் போட்டால் பரவும். சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால், கறையைப் பற்றிப் பேசும் நேரமாகத் தெரியவில்லை.

அண்ணன் வெளியே பெஞ்சில் இருக்கிறார். நீங்கள் வாங்கிக் கொடுத்த கோப்பியை அவர் தொடவில்லை. அவர் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான். சின்னையா அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் அவருக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் சொல்லிவிடுகிறேன். மறைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

நான் ஈப்போவுக்கு வந்த நாளிலிருந்து உங்களுக்கு என்னைத் தெரியும். புந்தோங்கில் கச்சான் கடலை வறுக்கும் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, பகலில் இந்தப் பரிசோதனைக்கூடத்தில் குழாய் கழுவி, மற்ற நேரத்தில் தேர்வுக்குப் படித்தேன். எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து இந்தப் படிப்புக்கு வந்தவள் நான் ஒருத்திதான். என்னை அனுப்பியது அண்ணனில்லை, அண்ணி. "பொம்பளப் புள்ள படிச்சா என்ன குடியா முழுகிப்போச்சு" என்று அண்ணனிடம் வாதாடியவர் முத்தம்மா அண்ணிதான். என் முதல் வெள்ளைக் கோட்டைத் தைத்ததும் அவர்தான். கழுத்துப்பட்டை கொஞ்சம் கோணல். அதனால் நீங்கள் கொடுத்த கோட்டையே போட்டுக்கொண்டேன்.

கண்ணம்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னோடு பயிற்சிக்கு வந்தவள். அவள் அப்பா லண்டனிலிருந்து வரவழைத்துக் கொடுத்த சிலைடுப் பெட்டி உங்களுக்கும் நினைவிருக்கும். வெல்வெட் துணி போட்ட மரப்பெட்டி. ரத்த நோய்கள் அத்தனையும் அதில் இருந்தன. தேர்வில் நுண்ணோக்கிக்கு அடியில் எதை வைத்தாலும் அவள் முன்பே பார்த்திருப்பாள். நான் புத்தகத்தில் அச்சான படத்தை மட்டும் பார்த்திருப்பேன். ஒருமுறை கேட்டேன். "தோட்டத்துல பால் மரம் வெட்டுனவங்களுக்குக் கண்ணு கூர்மைன்னு சொல்வாங்களே நவமணி, உனக்கு எதுக்குச் சிலைடு?" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். ரத்தப் பிரிவில் காலியாகும் ஒரே இடத்துக்கு எங்கள் இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று நீங்கள் அதற்கு முன்பே சொல்லியிருந்தீர்கள்.

எனவே எனக்கு ஒரு பெட்டி தேவைப்பட்டது. அதை யாரும் தவறென்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோலா கங்சார் பஸ்ஸில் ஏறித் தோட்டத்துக்குப் போவேன். தோட்டம் என்று இன்னும் சொல்கிறோம். அதைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். பாதி மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை வைத்திருந்தார்கள். டிரசர் போய்விட்டார். அவர் மருந்து கொடுத்த அறையில் யாரோ கோழி வளர்க்கிறார்கள். காய்ச்சல் என்றால்கூட டவுனுக்கு பஸ் பிடிக்க வேண்டும். ஆகவே நான் ஊசியும் சிலைடுமாகப் போய் இறங்கியபோது லயத்து வீடுகளில் இருந்தவர்கள் வரிசையாக விரலை நீட்டினார்கள். யாருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. சாதாரண ரத்தம். ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

அண்ணி அப்போது முழுகாமல் இருந்தார். கல்யாணமாகி வெகுநாள் கழித்து வந்த பிள்ளை. ஒரு ஞாயிறு அவர் விரலில் எடுத்த சொட்டு கண்ணாடியில் இழுக்கும்போதே தண்ணீராக ஓடியது. மறுநாள் இங்கே சாயம் போட்டுப் பார்த்தேன். சிவப்பணுக்கள் பெருத்து, முட்டை வடிவத்தில் மிதந்துகொண்டிருந்தன. ஒரு வெள்ளணுவின் கரு ஐந்தாறு இதழ்களாகப் பிரிந்திருந்தது. புத்தகத்தில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. அதையே திரும்பத் திரும்ப எடுத்து வைத்துப் பார்த்தேன். பயத்தில் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீங்கள் வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "சத்துக் குறைவால வர்ற சோகை. கர்ப்பத்துல வரும். யாரம்மா இது?" என்றீர்கள். தோட்டத்தில் ஒரு பெண் என்றேன். "ஃபோலிக் மாத்திரை போட்டா சீக்கிரம் சரியாயிடும். விட்டுட்டா பிரசவத்துல ஆளையே கொண்டுபோயிடும்" என்று சொல்லி, பக்கத்துக் கிளினிக்கில் கேட்டு ஒரு புட்டியும் வாங்கிக் கொடுத்தீர்கள். மஞ்சள் மாத்திரைகள், உளுந்தைவிடக் கொஞ்சம் பெரியவை. அடுத்த வாரம், "குடுத்தியா?" என்று கேட்டீர்கள். கொடுத்தேன் என்றேன். "நல்லது. தொடர்ந்து சிலைடு எடு. குணமாகுறது வாரா வாரம் தெரியும். அழகா இருக்கும்" என்றீர்கள். வரிசை முடிந்ததும் மொத்தமாகக் காட்டுகிறேன் என்றேன்.

உங்கள்மீது எந்தத் தவறும் இல்லை. அண்ணனிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

நான் நினைத்தது இவ்வளவுதான். அந்த ஞாயிறே மாத்திரையைக் கொடுத்துவிட்டால் என்னிடம் ஒரு நோயின் தொடக்கமும் அதன் முடிவும் மட்டுமே இருக்கும். நடுவில் இருப்பதை யாரும் பார்த்ததில்லை. கண்ணம்மையின் பெட்டியிலும் இல்லை. ஒரே ஆளின் ரத்தம் ஞாயிற்றுக்கு ஞாயிறு எப்படி மாறுகிறது என்பதை வரிசையாக வைத்துக் காட்டினால், அதைச் செய்தவளை நீங்கள் எப்படி வேண்டாம் என்று அனுப்புவீர்கள்? சில வாரம் பொறுத்துவிட்டுப் பிறகு கொடுத்தால் குணமாவதையும் சேர்த்து எடுக்கலாம். கொடுக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. எப்போது என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். புட்டி என் பையில்தான் எப்போதும் இருந்தது.

அண்ணி என்னைப் பார்த்ததும் பலகையில் உட்கார்ந்து கையை நீட்டிவிடுவார்.

"இன்னைக்கு எந்த வெரலு தங்கச்சி? இது போன வாரம் குடுத்த வெரலு லா, அதுக்கு லீவு."

பக்கத்து வீட்டு வீரம்மாக்கா சும்மா இருக்க மாட்டார். "கொசுகூட இருட்டுனப்புறந்தான் வருது. இவ பட்டப்பகல்ல பஸ்ஸேறி வந்து குடிக்கிறா."

"நீ சும்மா இருக்கா. பெரிய டெஸ்ட்டெல்லாம் பண்றா. டவுன்ல இதுக்கு எவ்வளவு கேப்பான் தெரியுமா?" என்பார் அண்ணி. பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "உன் கண்ணாடில என் ரத்தம் எப்படி இருக்கு? நல்லா இருக்கா?"

"ரொம்ப அழகா இருக்கு அண்ணி."

அது பொய்யில்லை.

நாளாக ஆக அண்ணியின் நாக்கு வழவழப்பானது. உதடு வெளுத்தது. குழாயடியிலிருந்து வாளியைத் தூக்கி வரும்போது நடுவில் இருமுறை கீழே வைத்து மூச்சு வாங்குவார். "டவுனு கிளினிக்குக்கு ஒரு எட்டு போயிட்டு வரவா?" என்று கேட்டார். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும் என்றேன். நான்தான் வாரா வாரம் பார்க்கிறேனே என்றும் சொன்னேன். அண்ணனும், "நம்ம வீட்டுலயே ஆளு இருக்கும்போது எதுக்கு அங்க போயி சுசாப்படணும்?" என்றார். அவர் பெருமையோடு சொன்னார். எனக்கும் அந்தப் பெருமை இருந்தது.

ஒரு வாரம் வரிசை கெட்டுப்போனது. சிலைடைப் பார்த்தால், நீலம் பாய்ந்த இளம் சிவப்பணுக்கள் புதிதாக வந்திருந்தன. உடம்பு தேறத் தொடங்கினால்தான் அப்படி வரும். எனக்குப் புரியவில்லை. அடுத்த ஞாயிறு போய் விசாரித்தேன். வீரம்மாக்கா தினமும் முருங்கைக்கீரையை லேசாக வதக்கிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அண்ணியின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. "சாப்பாடு எறங்குது தங்கச்சி" என்றார்.

இதுதான் அண்ணனுக்குத் தெரியாத பகுதி. நான் அண்ணியிடம், இந்த மாதத்தில் கீரை ஆகாது, பிள்ளைக்குச் சேராது, புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அண்ணி அந்தக் கிண்ணத்தை வீரம்மாக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். "தாப்பா லா அக்கா, பரவால்ல, கோவிச்சுக்காத. தங்கச்சி படிச்சவ" என்றார்.

அதற்கடுத்த சிலைடுகள் ஒழுங்காக வந்தன.

இப்போது கேட்டால் நான் என்ன உணர்ந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அண்ணியின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பொறாமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஈப்போ பஸ்ஸில், சுண்ணாம்பு மலைகள் தெரியும் இடத்துக்கு வந்ததும் மடியில் இருக்கும் பெட்டியைத் திறந்து அன்றைய சிலைடைத் தொட்டுப் பார்ப்பேன். அந்த நேரத்தில் எனக்கு அவர்மீது இருந்தது அன்புதான் என்று நினைக்கிறேன். வேறு யாரிடமும் அப்படி இருந்ததில்லை.

பிரசவம் முன்னதாகவே வந்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு மாத்திரையை ஆரம்பிப்பதாக இருந்தேன். நிச்சயமாக. லாரியில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர்கள் ரத்தம் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். உடம்பில் இழக்க ஏற்கெனவே எதுவும் மிச்சமில்லை. குழந்தையும் தங்கவில்லை. பெண் குழந்தையாம். நான் அங்கே இருந்திருந்தால் தொப்புள்கொடியிலிருந்து ஒரு சொட்டு எடுத்திருக்கலாம்.

"இது மாசக்கணக்கா இருந்த சோகை. யாருமே ரத்தத்தைப் பாக்கலையா?" என்று டாக்டர் கேட்டதற்கு அண்ணன், "என் தங்கச்சி வாரா வாரம் பார்த்தாளே" என்றாராம். சொல்லி முடித்ததும்தான் தான் சொன்னது அவருக்கே புரிந்திருக்கிறது. சேதி கேட்டு நான் தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து என் பையைத் திறந்து பார்த்தார். புட்டியின் முத்திரை உடையவில்லை.

அவர் என்னை அடிக்கவில்லை. போலீஸுக்கும் போகவில்லை. நீங்கள் போகச் சொன்னால் நானே போய் இதையெல்லாம் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன். ரத்தப் பிரிவில் இனி எனக்கு இடமில்லை என்று நீங்கள் சொல்வதும் சரிதான். அந்த நாற்காலியில் கண்ணம்மை உட்காரட்டும். அவளுக்கும் கண் நல்ல கண்தான்.

ஆனால் அண்ணன் கேட்பது வேறு. அதைத்தான் நீங்கள் இவ்வளவு நேரமும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அண்ணியின் அஸ்தியை அவர் இன்னும் பேராக் ஆற்றில் கரைக்கவில்லை. துணி கட்டிய சட்டி வீட்டில் சாமிப்படத்துக்குக் கீழே இருக்கிறது. நேற்று என் எதிரில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ ரத்தமெல்லாம் உன் பெட்டியில இருக்கு நவமணி. குடுத்துடு. அதையும் சேர்த்து விடணும். அவ பாதியாப் போகக் கூடாதுலா."

எங்கள் ஆட்கள் அப்படித்தான் நினைப்பார்கள். அதில் ரத்தம் என்று இப்போது எதுவும் இல்லை சார், உங்களுக்குத் தெரியும். சாயம் ஏறிக் காய்ந்த ஒரு படலம். அதை ஆற்றில் விட்டால் மீன்கூடத் தின்னாது. இங்கே இருந்தால் உங்களிடம் வரும் பிள்ளைகள் வருஷா வருஷம் பார்ப்பார்கள். ஒரு சிலைடுக்கும் அடுத்ததற்கும் என்ன மாறியிருக்கிறது என்று நீங்கள் அவர்களைக் கேட்கலாம். கீரை சாப்பிட்ட வாரத்தையும் நான் எடுத்தெறியவில்லை. அதையும் அதன் இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

நீங்கள் மேசைமீது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அண்ணியும் இப்படித்தான் நீட்டுவார்.

இல்லை சார். தர மாட்டேன். பெட்டி என் மடியிலேயே இருக்கட்டும். அண்ணனிடம் சொல்லுங்கள், ஆற்றில் விட்டால் அண்ணி போய்விடுவார். என்னிடம் இருந்தால் பத்திரமாக இருப்பார்.